வாடைக்கு ஹீற்றர் வாங்கலாமா?

திருகோணமலையில் இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்குவது பற்றி எழுதுவது வெளியூர்க்காரருக்குப் புதினமாக இருக்கலாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே ஃபானுக்குக் கீழே படுத்தாலும் முதுகு நனையும். ஆனால் ஐப்பசி கழியும்போது காற்றுத் திரும்பிவிடும். கச்சான் ஓய்ந்து, கடல் பக்கமிருந்து வடகிழக்குக் காற்றான வாடை ஏறும். ஆண்டு முழுவதற்கும் எங்களுக்குக் கிடைக்கிற மழையில் பெரும் பங்கு அந்த மூன்று நாலு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது உவர்மலை என்றாலும் சரி, பாலையூற்று என்றாலும் சரி, வயது போனவர்கள் இருக்கிற வீடுகளில் ஒரே கதைதான்: "பிள்ளை, கால் விறைக்குது."

எங்கள் வீட்டில் அம்மா. எண்பதைத் தாண்டியவர். தொய்வும் (ஆஸ்துமா) இருக்கிறது, சீனி வருத்தமும் (நீரிழிவு) இருக்கிறது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தம்பி ஒவ்வொரு மார்கழியும் போனில் இதையே சொல்வான்: "அக்கா, நான் காசு அனுப்புறன். நல்ல ஹீற்றர் ஒண்டு வாங்கி அம்மாவின்ர அறையில வையுங்கோ." அவன் காசு அனுப்புவது நல்லது. அந்தக் காசை ஹீற்றரில் போடக் கூடாது என்பது என் முடிவு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது என்பதால், நான் ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்று விபரமாக எழுதுகிறேன்.

முதலில், அம்மாவுக்கு ஏன் குளிர்கிறது? எங்கள் விறாந்தையில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. கடும் மழை நாளின் விடியற்காலையிலும் அது 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்கவே தேவையில்லை. ஆனால் அம்மா நடுங்குவது உண்மை. கையைப் பிடித்துப் பார்த்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது.

காரணம் ஈரமும் காற்றும். வாடை மாதங்களில் எதுவுமே முழுதாகக் காய்வதில்லை. போர்வை, தலையணை, மெத்தை, உடுப்பு எல்லாவற்றிலும் ஒரு நசநசப்பு இருக்கும். ஈரம் ஏறிய துணி உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது, வெளியே கடத்திவிடும். ஈரத்தின் மேல் காற்றுப் பட்டால் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகும்போது அதற்குத் தேவையான சூட்டை உடம்பிலிருந்துதான் எடுக்கும். வயது போனவர்களுக்குத் தசை குறைந்து, உடம்பு தானாக உண்டாக்கும் சூடும் குறைந்திருக்கும். அதோடு எங்கள் உடம்பு பழகியிருப்பது 33, 34 பாகைக்கு.

இது வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். மாண்டஸ் புயல் வங்கக் கடலால் போன அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும், எங்கள் மாவட்டத்திலும், மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. உறைபனி விழவில்லை. மேய்ச்சல் தரையில் ஒதுங்க இடமில்லாமல், விடாத மழையில் நனைந்து, விடாத காற்றில் நின்ற மிருகங்கள் அவை. குளிர்நாட்டில் சாதாரணம் என்று சொல்லக்கூடிய வெப்பநிலைதான். அன்று தொடங்கி அம்மாவின் அறையை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

சரி, ஹீற்றர் கணக்குக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் சாதாரண மின்சார ஹீற்றர் 2000 வாற்ஸ். ஒரு மணித்தியாலத்துக்கு 2 யுனிட். இரவில் ஆறு மணித்தியாலம் போட்டால் 12 யுனிட், மாதம் 360 யுனிட். எங்களைப் போல 90 யுனிட் அளவில் பாவிக்கும் வீடு ஒரேயடியாக 450க்குப் போகும். இலங்கையில் மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். 60 யுனிட்டைத் தாண்டினால் முதல் யுனிட்டில் இருந்தே விலை வேறு. 180ஐத் தாண்டினால் ஆகக் கூடிய படி. அதாவது ஹீற்றர் சாப்பிடும் யுனிட்டில் பெரும்பகுதி அந்த ஆக விலை கூடிய படியிலேயே விழும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் என்று கட்டணம் ஏறிய காலத்தில் நாங்கள் ஃபானையே அளந்து போட்டோம். பிறகு குறைத்தார்கள், திரும்ப ஏற்றினார்கள். இப்படி ஏறி இறங்கும் ஒன்றின் மேல் அம்மாவின் இரவுத் தூக்கத்தைக் கட்டி வைக்க எனக்கு மனம் இல்லை.

வயரிங் இன்னொரு பயம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னும் 5 ஆம்ப் உருண்டைக்கால் பிளக் பொயின்ற்தான் அறைகளில் இருக்கிறது. 2000 வாற்ஸ் ஹீற்றர் இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்ப். அடப்டர் ஒன்றைச் செருகி அதில் ஹீற்றரைப் போட்டால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல உள்ளே வயரின் உறை இளகும், பிளக் பொயின்ற் மஞ்சளாகும், ஒரு கருகல் மணம் வரும். படுக்கைக்குப் பக்கத்தில், போர்வைக்கும் நுளம்பு வலைக்கும் அருகில் அது நடக்கும். ஹீற்றர் வாங்கியே தீருவோம் என்பவர்கள் 13 ஆம்ப் பொயின்றுக்குத் தனி வயர் இழுத்து, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானாகக் கரண்டை நிறுத்துவது) வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள். அந்தச் செலவையும் ஹீற்றர் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அறை சூடாகுமா என்றால், அதுவும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் உள்ள காற்றை ஐந்து பாகை சூடாக்க ஒரு யுனிட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆனால் எங்கள் வீடுகள் காற்று ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை. சுவர் உச்சியில் துவாரக் கற்கள், கூரைச் சீற்றுக்கும் சுவருக்கும் இடையில் விரற்கடை இடைவெளி, பொருந்தாத யன்னல். வாடையில் அந்த அறைக் காற்று மணிக்குப் பத்துத் தடவை மாறினால், காற்றைச் சூடாக்க மட்டும் மணிக்கு அரை யுனிட்டுக்கு மேல் போகும். சீற்றாலும் சுவராலும் போவது அதற்கு மேல். ஹீற்றர் ஓய்வே எடுக்காமல் எரியும்.

தம்பியின் வீட்டில் நிலைமை வேறு. வெளியே சைபருக்குக் கீழே 15 இருக்கும்போது உள்ளே 21. சுவருக்குள் பஞ்சு, இரட்டைக் கண்ணாடி யன்னல், கதவு இடுக்குக்கு ரப்பர். உண்டாக்கிய சூடு வீட்டுக்குள்ளேயே நிற்கும். அங்கே என்ன வகைச் சூடு மலிவு என்று யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. சுவரோரம் வைக்கும் மின் ஹீற்றர் ஒரு யுனிட் வாங்கி ஒரு யுனிட் சூடுதான் தரும். வெப்பப் பம்பி வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யுனிட்டுக்கு இரண்டு மூன்று யுனிட் சூடு தரும், கடும் குளிரில் அது குறையும். குழாய் வழியாக எரிவாயு வரும் வீடுகளில் பெரும்பாலும் அதுவே இன்னும் மலிவு. அவன் இவற்றுக்கிடையே தெரிவு செய்யலாம். எங்களுக்கு அந்தத் தெரிவு வருவதற்கு முன்பே சூட்டைத் தடுத்து வைக்கும் வீடு வேண்டும்.

அப்போ காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய், கரி? இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, ஏனென்றால் மழை நாட்களில் சட்டியில் சிரட்டைக்கரி மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். கரி தணலாகும்போது காபன் மொனொக்சைட் வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, புகையும் தெரியாது. இரத்தத்தில் ஒக்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, மயக்கம், பிறகு எழும்பவே முடியாமல் போகும். தூங்குகிறவருக்கு முதல் இரண்டும் தெரியாது. சாம்பிராணி போடுவது வேறு, கதவு யன்னல் திறந்திருக்கும்போது கொஞ்ச நேரம். அதையும் தொய்வு உள்ளவர் பக்கத்தில் போடாமல் விடுவதே நல்லது.

காஸிலும் மண்ணெண்ணெயிலும் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் கலக்கும். ஈரத்தால் வருந்துகிற வீட்டுக்குள் நாங்களே ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். சூடு போனதும் அது சுவரில் வேர்த்து நிற்கும். மண்ணெண்ணெய் மலிவு என்ற கதையும் 2022 ஆகஸ்டோடு முடிந்தது. அந்த மாதம் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. மீன்பிடிக்காரரின் வயிற்றில் அடித்தது போல அடுப்படிகளிலும் அடித்தது.

விறகு அடுப்பை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன், சமையலுக்கு எரிகிற இடத்தில். காய்ந்த விறகு கிலோ ஒன்று 4 யுனிட் அளவு சூடு தரும். ஈர விறகு அதில் பாதியும் தராது, புகைதான் தரும். புரட்டாதிக்குள் வாங்கி, நிலத்தில் படாமல் கல் வைத்து அடுக்கி, மேலே தறப்பாள் போட்டால் மார்கழி வரை காய்ந்த விறகு கிடைக்கும். எங்கள் குசினிக்கு நல்ல புகைபோக்கி இருப்பதால் காலையில் அம்மா அங்கே கதிரை போட்டு உட்கார்ந்து கொத்தமல்லி குடிப்பார். புகைபோக்கி இல்லாத குசினியில் தொய்வுக்காரரை உட்கார வைக்க வேண்டாம்.

இனி, நாங்கள் செய்கிறவை.

ஆகப் பெரிய மாற்றம் தந்தது ஆகச் சின்னப் பொருள்: ரப்பர் சுடுதண்ணிப் பை. ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கேத்திலில் 75 பாகை வரை சூடாக்க ஒரு யுனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். இரவில் இரண்டு தடவை நிரப்பினாலும் மாதம் 6 யுனிட். ஹீற்றரின் 360ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குவதால் வரும் வித்தியாசம் இது. நிரப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, பையை மேசையில் சரித்து, தண்ணீர் வாய்க்கு வரும் வரை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்க வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய சாரத்தை வெட்டி நான் தைத்த உறை ஒன்றில், இரண்டு மடிப்பாக, அது போகும். படுக்க அரை மணித்தியாலம் முன்பு போர்வைக்குள் வைத்துவிட்டு, அம்மா படுத்ததும் காலுக்குக் கீழே தள்ளிவிடுவேன். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுட்டாலும் தெரியாது. அதனால் தோலில் நேரே படவே விடக் கூடாது. என் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். ரப்பர் வெடிப்பு விடத் தொடங்கினால் அந்த நாளே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கரண்ட் போனாலும் இது வேலை செய்யும். வாடையில் மரம் முறிந்து வயரில் விழுவது வழமை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பல மாவட்டங்கள் இருட்டில் கிடந்தன. ஹீற்றர் தேவைப்படும் இரவும் கரண்ட் இல்லாத இரவும் பெரும்பாலும் ஒரே இரவுதான். ஒரு நல்ல பிளாஸ்க்கில் மாலையிலேயே சுடுதண்ணீர் நிரப்பி வைத்தால் விடியும் வரை கவலை இல்லை.

இரண்டாவது, துணி காயப்போடும் இடம். மழையென்றால் அறைக்குள் கொடி கட்டுகிறோம். கையால் பிழிந்த ஒரு வாளி உடுப்பில் மூன்று லீற்றர் தண்ணீராவது நிற்கும். அது காய்வதற்கு, லீற்றருக்கு அரை யுனிட்டுக்கு மேல் என்ற கணக்கில், சூட்டை அறையிலிருந்தே உறிஞ்சும். அறை குளிர்ந்து ஈரமாகும். பிறகு அதே அறையைச் சூடாக்க ஹீற்றர் தேடுகிறோம். எங்கள் கொடி இப்போது விறாந்தையில், மழைச்சாரல் படாத மூலையில். ஒரு நிற்கும் ஃபான் அதன் மேல் ஓடும், அது 50 வாற்ஸ்தான். அம்மாவின் உடுப்பையும் படுக்கை விரிப்பையும் மட்டும் கடைசியில் அயன் பண்ணி எடுப்பேன். பத்து நிமிட வேலை. விரித்த உடனே அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டுப் படுப்பார்.

மூன்றாவது, நிலம். அம்மாவுக்குப் பாயில் படுப்பதுதான் பிடிக்கும், ஆனால் சிமெந்து நிலம் இரவு முழுவதும் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டிலுக்கு மாறச் சம்மதிக்க வைப்பது லேசாக இருக்கவில்லை. இப்போது கட்டில், அதன் மேல் தும்பு மெத்தை, அதன் மேல் அவருடைய பாய். கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம், காற்று ஓடினால் மெத்தையில் பூஞ்சணம் பிடிக்காது. தொய்வுக்குப் பூஞ்சணம் குளிரை விடக் கெட்டது. வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் வேறு எந்த வேலை இருந்தாலும் மெத்தை முதலில் வெளியே போக வேண்டும். காலுக்கு மேசு (காலுறை), தலைக்கு ஒரு துணி. இதைச் சொல்லிக்கொடுக்க நான் தேவையில்லை, ஆனால் மேசு காய்ந்திருக்க வேண்டும்.

குளிப்பு மதியத்தில். ஒரு வாளி தண்ணீரை இதமாக்கக் கால் யுனிட் போதும், அல்லது சமையல் முடிந்த விறகடுப்புத் தணலில் ஒரு பானை. சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்கலாமே என்று தம்பி கேட்டான். எங்களுக்கு வெந்நீர் தேவைப்படும் மாதங்களில்தான் இங்கே சூரியன் முகம் காட்டுவதில்லை. அம்மா இதற்குக் கன்னியாவைத்தான் சொல்வார். நகரத்தில் இருந்து கொஞ்சத் தூரத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்க உண்டாக்கியவை என்பது ஐதீகம். சின்ன வயதில் மழைக்கால விடியலில் அங்கே வாளியால் அள்ளி ஊற்றிய கதையை அம்மா இன்றும் சொல்வார். பூமியே சூடாக்கித் தருகிற தண்ணீர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதை வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை என்பது எனக்கு ஒரு ஆதங்கம்.

இவை எல்லாம் சின்ன வேலைகள். பெரிய காசு போட வேண்டிய இடம் சுவரும் கூரையும். வாடை அடிக்கும் வடகிழக்குப் பக்கச் சுவர்தான் வீட்டின் எதிரி. வெளிப்பூச்சு இல்லாத புளொக் கல் மழையை உறிஞ்சி உள்ளே அனுப்பும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நல்ல பூச்சுப் பூசி, யன்னலுக்கு மேல் தாழ்வாரம் இறக்கினால் அறையின் ஈரம் பாதியாகும். அதற்கு வசதி வராத வருடங்களில் தறப்பாளைச் சுவரில் ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டுக் கட்டினோம். ஒட்டிக் கட்டினால் உள்ளே ஈரம் அடைபடும். காற்று வரும் பக்கத் துவாரக் கற்களை அட்டையும் பொலித்தீனும் வைத்து மூடினோம், மறுபக்கத்தைத் திறந்தே விட்டோம். எல்லாவற்றையும் மூடினால் மூச்சு விடும் ஈரமே சுவரில் வடியும்.

கூரைக்குக் கீழே சீலிங் அடிப்பது இரண்டு பருவத்துக்கும் உதவும் ஒரே செலவு. வாடையில் சூட்டை உள்ளே வைக்கும். கச்சானில் சீற்றின் அனலைத் தடுக்கும், ஃபானின் வேலை குறையும். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டில் அதைத் துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குப் பொல்லாதது. சீலிங் சட்டத்தை மரத்திலும் சுவரிலும் பிடிக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு இதைத்தான் எழுதியிருக்கிறேன். ஹீற்றருக்கென்று வைத்த காசை ஆவணிக்கு முன் அனுப்பு, மேசன்மார் மழைக்கு முந்திய மாதம் கைக்குக் கிடைக்க மாட்டார்கள். இந்த வருடம் வடகிழக்குச் சுவர், மிஞ்சினால் அம்மாவின் அறைக்கு மட்டும் சீலிங். ஊருக்கு வரும்போது நல்ல தடித்த ரப்பர் சுடுதண்ணிப் பை இரண்டு கொண்டுவா, இங்கே கிடைப்பவை சீக்கிரம் வெடித்துவிடுகின்றன. பெட்டியில் இடம் இருந்தால் கம்பளி மேசும். அம்மாவின் அளவு சின்னது, பிள்ளைகளுக்கு விற்கும் பக்கத்தில் பார்.